இரண்டாம் முறை ஜாம் ஆன ஆர்எக்ஸ் 100

புது பிஸ்டன் போட்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு வருஷத்துக்குள் திரும்ப ஜாம் ஆனால், பழி நேராகப் பிஸ்டன் மேல் போய் விழும். “டூப்ளிகேட் சாமான்” என்று சொல்லி அடுத்த பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள். டூப்ளிகேட் இல்லை என்று நான் சொல்லவில்லை. எல்லையான களியிக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரே எஞ்சினில் இரண்டு பிஸ்டன் அடுத்தடுத்து உரசிப் போனால், பிஸ்டனை விசாரிப்பதை நிறுத்திவிட்டு எஞ்சினை விசாரிக்க வேண்டும்.

என் மச்சினன் குழித்துறையிலிருந்து அவன் ஆர்எக்ஸ் 100-ஐ மினி டெம்போவில் ஏற்றி உதியன்குளங்கரைக்குக் கொண்டுவந்தது அந்த நிலையில்தான். அவன் அப்பா வாங்கிய வண்டி. கொஞ்ச காலம் ஓடாமல் தார்ப்பாய்க்குள் கிடந்தது. எடுத்து ஓட்டியதும் முதல் முறை ஜாம் ஆனது. பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பில் போர் போட்டு, பிஸ்டன் மாற்றி ஓட்டினான். முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஹைவேயில் பின் டயர் பூட்டிக்கொண்டு நின்றது.

“அத்தான், பிஸ்டன் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். நாளைக்கே மாட்டிரலாமா?”

“மாட்டலாம் மக்கா. இது எதுக்குச் செத்துதுன்னு தெரிஞ்ச பொறவு மாட்டலாம்.”

ஆர்எக்ஸ் 100 பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. யமஹாவின் இந்த வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் விற்றது. போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ., அதனால் 98 சி.சி. 7500 சுற்றில் 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவை ஒட்டி. இந்தக் கணக்குதான் அதன் துள்ளலுக்குக் காரணம். இன்றைக்குப் பழைய வண்டிக்கு ஆட்கள் சொல்லும் விலையைக் கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் வீட்டுச் சாய்ப்பில் உட்கார்ந்து எஞ்சின் வேலை பழக இதைவிட நல்ல வண்டி கிடையாது. மேலே வால்வ் இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. பிஸ்டன், கிராங்க், ரீட் வால்வ், கார்புரேட்டர், ஒரு பொறி. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். இதில் ஒளிந்திருக்கும் சிக்கல், டூ ஸ்ட்ரோக்குக்கு அறை இரண்டு என்பது. பிஸ்டனுக்கு மேலே எரியும் அறை. கீழே கிராங்க் கேஸ். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழ் அறை கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவையை இழுக்கும். இறங்கும்போது அதை அழுத்தி, பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலே தள்ளும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் ஆயில் கிடைப்பதும் இந்த வழியில்தான். ஆக, கீழ் அறையில் காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், அதோடு ஆயிலும் குறையும். வெப்பம் கூடும். பிஸ்டன் விரியும். போரில் உரசிப் பூட்டும். நம் ஒர்க்‌ஷாப்புகளில் மேல் அறையை எல்லோரும் பார்க்கிறார்கள். கீழ் அறையைச் சோதிக்கிறவர்கள் குறைவு.

பிரிப்பதற்கு முன்னால் எஞ்சினிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. ஜாம் ஆன எஞ்சின் பெரும்பாலும் ஆறியதும் விட்டுக்கொடுக்கும். மச்சினன் வண்டியும் கிக்கரை மெதுவாக அழுத்தியதும் சுற்றியது. கம்ப்ரஷன் கேஜை பிளக் துளையில் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும்வரை கிக் அடித்துப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மூடிவைத்து அடித்தால் காற்று உள்ளே போகாது, கேஜ் பொய் சொல்லும். 90 பிஎஸ்ஐ-க்குக் கீழே நின்றால் ரிங்கோ போரோ போய்விட்டது என்று நான் வைத்துக்கொள்வேன். இதில் அதற்கும் கீழே. ஜாம் ஆன எஞ்சினில் அது ஆச்சரியமில்லை.

அடுத்து, வண்டிக்காரனை விசாரிப்பது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பாதி நோய் இங்கேயே தெரிந்துவிடும். ஜாம் ஆவதற்கு முன்னால் ஐடிலிங் எப்படி இருந்தது என்று கேட்டேன். சிக்னலில் ஆக்சிலேட்டரை விட்டாலும் சுற்று உடனே இறங்காமல், கொஞ்ச நேரம் இரைந்துவிட்டுத்தான் இறங்குமாம். ஐடில் ஸ்க்ரூவை அவன் அடிக்கடி திருகிக்கொண்டிருந்திருக்கிறான். வெள்ளைப் புகை வந்ததா? இல்லை. கியர் ஆயில் குறைந்ததா? இல்லை.

இந்தப் பதில்களில் கதை இருக்கிறது. கிராங்கின் இரண்டு முனையிலும் ஆயில் சீல் உண்டு. வலப்பக்கம் கிளட்ச். அந்த சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும். புகை பொங்கும், பிளக் நனையும், கியர் பாக்ஸில் ஆயில் காணாமல் போகும். இடப்பக்கம் மேக்னட். அந்த சீல் போனால் உறிஞ்ச ஆயில் இல்லை, வெறும் காற்றுதான். புகையும் வராது, சத்தமும் வராது. சுற்று மட்டும் இறங்காமல் தொங்கும். புகைக்கிற எஞ்சினைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். புகையாமல் துள்ளிக்கொண்டு ஓடுவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. கசிவுச் சோதனைக்குக் கடையில் விலை கொடுத்துக் கருவி வாங்கலாம். என்னிடம் அம்மாவின் பழைய பிரஷர் பார்க்கும் கருவி இருந்தது. டயலும், அமுக்குகிற ரப்பர் பல்பும், திருகு வால்வும் அதிலேயே இருக்கின்றன. டயல் 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். அது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ. டூ ஸ்ட்ரோக் கிராங்க் கேஸ் கசிவுக்கு உலகம் முழுக்க வைக்கிற அழுத்தம் 6 பிஎஸ்ஐ-யை ஒட்டியது. இதற்காகவே செய்ததுபோல் பொருந்தும்.

கார்புரேட்டரைக் கழற்றி, அது இருந்த வாயில் பழைய டியூப் ரப்பரும் அதன் மேல் ஒரு தகடும் வைத்து இறுக்கினேன். சைலன்சர் வாய்க்கும் அதே கதை. ஆயில் பம்ப்பிலிருந்து குழாய் வரும் துளையையும் அடைக்க வேண்டும். அதை மறந்தால் இல்லாத கசிவைத் தேடி மண்டை காயும். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்து, அந்த இரும்புக் கூட்டில் ஒரு குழாய் முனையை ஒட்டினால் காற்று ஏற்ற வழி தயார். பிஸ்டனைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். அப்போதுதான் பக்கத் துளைகள் திறந்து மேலறையும் கீழறையும் ஒன்றாகும்.

250 வரை ஏற்றி வால்வை மூடினேன். நல்ல எஞ்சினில் முள் சில நிமிஷங்கள் அநேகமாக அப்படியே நிற்கும். நிமிஷத்துக்கு 1 பிஎஸ்ஐ, அதாவது டயலில் 50, அதற்கு மேல் இறங்கினால் ஏற்கக் கூடாது. இதில் முள் நின்று பார்க்கவே அவகாசம் இல்லை, விழுந்தது. மேக்னட் கவரைக் கழற்றி, வீலை அதற்கென்று உள்ள புல்லர் போட்டு எடுத்தேன். சுத்தியலால் தட்டி எடுக்கிறவர்கள் கிராங்கையும் சேர்த்துக் கோணலாக்குகிறார்கள். சீல் மேல் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி காற்றை ஏற்றியதும் நுரை கொப்பளித்தது. வலப்பக்க சீலைக் கண்ணால் பார்க்க முடியாது. கியர் ஆயில் ஊற்றும் துளைமேல் சோப்புப் படலம் பிடித்து, அது உப்புகிறதா என்று பார்த்தால் போதும். உப்பவில்லை.

காற்று ஏற்றிச் சோதிப்பதோடு நிறுத்தக் கூடாது, உறிஞ்சியும் பார்க்க வேண்டும். சில சீல்களின் உதடு அழுத்தத்தில் இறுகி நிற்கும், உறிஞ்சினால் விலகிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் இதற்கு உதவும்.

மச்சினன் முகத்தில் வெளிச்சம். “அப்போ சீல் மாத்தினா முடிஞ்சுதா அத்தான்?”

சீல் ஏன் போனது என்ற கேள்வி பாக்கி இருந்தது. கிராங்க் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். அசைந்தது. அசையவே கூடாத இடம் அது. பேரிங் போய், தண்டு ஆடி, ஆடிய தண்டு சீலின் உதட்டைத் தின்றிருக்கிறது. ஆக, போர் போட்டுப் பிஸ்டன் மாற்றிய அந்த முதல் வேலையின்போதே நோய் கீழே இருந்தது. மேலே புதுசு போட்டதும் இழுவை கூடி, கீழே இருந்த பழசு இன்னும் வேகமாகப் போயிருக்கும்.

சிலிண்டரைத் தூக்கியதும் பிஸ்டன் அதன் வாக்குமூலத்தைக் கொடுத்தது. பிஸ்டனை வாசிக்கக் கற்றுக்கொள்வது நூறு கேஜுக்குச் சமம். நான்கு மூலையிலும் ஒரே மாதிரி உரசல் என்றால், எஞ்சின் சூடாவதற்கு முன்னால் முறுக்கியிருக்கிறார்கள், அல்லது போர் இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது. சைலன்சர் பக்கம் மட்டும் ஆழமான கோடுகள் என்றால் பெட்ரோல் குறைவு, ஆயில் குறைவு. கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கலான தேய்மானம் என்றால் ஏர் ஃபில்டர் வழியே தூசி. தலையின் விளிம்பு அரித்த மாதிரி இருந்தால் டெட்டனேஷன். நடுவில் உருகி ஓட்டை என்றால் தப்பான வெப்ப எண் உள்ள பிளக் போன்ற ஏதோ ஒன்று பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கிறது. இந்தப் பிஸ்டனில் சைலன்சர் பக்கம்தான் கோடுகள். தலை வெளுத்திருந்தது. சீல் சொன்னதையே பிஸ்டனும் சொன்னது.

கிராங்க் கேஸைப் பிளக்கும்போது ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த இரண்டு முகமும் ஒட்டுவதால்தான் கீழ் அறைக்குக் காற்றுப் பிடிப்பு. கீறல் விழுந்தால் எத்தனை சீல் போட்டாலும் பயனில்லை. முகம் கெட்டால் வேறு கேஸ் வாங்கிப் போடலாமே என்று நினைக்க வேண்டாம். எஞ்சின் நம்பர் அதில்தான் அடித்திருக்கிறது. எங்கள் பகுதியில் பாதி வண்டி கேஎல் 19, கேஎல் 20, மீதி டிஎன் 74, டிஎன் 75. எல்லை தாண்டி வண்டியின் பெயரை மாற்றப் போகும் நாளில் ஆர்.சி.யில் ஒரு நம்பரும் எஞ்சினில் வேறு நம்பரும் இருந்தால், அலையப் போவது மெக்கானிக் அல்ல.

பேரிங்கைக் கழுவி விரலில் சுற்றினால் கரகரவென்றது. பந்துகளில் துருப் புள்ளிகள். அந்தத் தார்ப்பாய்க் காலம் ஞாபகம் வருகிறதா? இங்கே இடவப்பாதியும் துலாமழையும் காற்றிலேயே தண்ணீரை வைத்திருக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தைக் குடிக்கும். ஓடாமல் கிடக்கும் எஞ்சினில் அந்த ஈரம் கீழ் அறையில் தங்கி பேரிங்கைத் துருவாக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிற டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை ஓட்டி, பிளக் துளை வழியாகக் கொஞ்சம் 2டி ஆயில் விட்டு, கிக்கரை மெதுவாகச் சில முறை சுற்றி வையுங்கள். காசு செலவில்லாத வேலை, கிராங்கைக் காப்பாற்றும்.

பேரிங் மாற்றுவது வீட்டில் முடியும். கேஸை 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, புது பேரிங்கை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிட்டால், அலுமினியம் விரிந்து, இரும்பு சுருங்கி, பேரிங் தன்பாட்டில் இறங்கி உட்காரும். அடிக்கத் தேவையில்லை. ஃப்ரீசரில் மீன் பொதியின் பக்கத்தில் கிரீஸ் மணக்கும் சாமானை வைத்ததற்கு வீட்டில் கிடைக்கும் வரவேற்பைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு வைப்பது நல்லது.

கனெக்டிங் ராடின் பெரிய முனையில் மேல் கீழ் ஆட்டம் தெரிந்தால் கிராங்கைப் பிரித்து அழுத்திச் சேர்க்க வேண்டும். அது வீட்டு வேலை இல்லை. ஹைட்ராலிக் பிரஸ்ஸும், வி-பிளாக்கும், டயல் கேஜும் உள்ள லேத்துக்குக் கொண்டுபோய், திரும்பி வாங்கும்போது ரன் அவுட், அதாவது சுற்றும்போது தண்டில் தெரியும் கோணல், எத்தனை என்று கேளுங்கள். 0.03 மி.மீ.க்குள் சொன்னால் நல்ல ஆள். “அதெல்லாம் கரெக்டா இருக்கும்” என்று எண் சொல்லாமல் கொடுத்தால் வேறு லேத் பாருங்கள்.

போர் போடுவதிலும் ஒரு வரிசை உண்டு. பிஸ்டனை முதலில் வாங்க வேண்டும், பிறகு அந்தப் பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் வெட்ட வேண்டும். நான் போகும் லேத்தில் உள்ள ஆசான், கையில் பிஸ்டன் இல்லாமல் போனால் சிலிண்டரைத் தொடக்கூட மாட்டார். பிஸ்டனை அளப்பது தலையில் அல்ல, பாவாடையின் (ஸ்கர்ட்) அடியிலிருந்து சற்று மேலே, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்காக. 50 மி.மீ. வார்ப்புப் பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி 0.04 மி.மீ.யை ஒட்டி இருந்தால் சரி. மச்சினன் சிலிண்டர் ஏற்கெனவே 0.50 ஓவர் சைஸ். அடுத்து 0.75, அதன் பிறகு 1.00, அதோடு அநேகமாக முடிந்தது. போர் 51 மி.மீ. ஆனாலும் கொள்ளளவு 102 சி.சி.தான். அதனால் “பெரிய போர் போட்டா பிக்கப் கூடும்” என்பதை நம்பி, தேவையில்லாமல் ஒரு சைஸைத் தாண்டிப் போடுவது சிலிண்டரின் ஆயுளைத் தின்பதுதான்.

வெட்டி வந்த சிலிண்டரில் துளைகளின் விளிம்பு கத்தியாக இருக்கும். அதை மெல்லிய உப்புத்தாளால் மழுக்காவிட்டால் ரிங் அதில் மாட்டி ஒடியும். மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவி மாட்டிவிடுகிறார்கள். அது போதாது. ஹோனிங்கில் உதிர்ந்த பொடி கோடுகளுக்குள் ஒட்டியிருக்கும். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பிரஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை கழுவ வேண்டும். வந்த நொடியே ஆயில் தடவ வேண்டும். நம் ஈரக்காற்றில் பச்சை இரும்பு சாயா குடித்து வருவதற்குள் பழுப்பேறும்.

ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுமுன் தனியாகப் போருக்குள் விட்டு, இரண்டு முனைக்கும் இடையே ஃபீலர் கேஜ் போட்டுப் பாருங்கள். 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் இருக்கட்டும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம். பள்ளத்தில் உள்ள சிறு முளையில் ரிங் முனைகள் வந்து சேர வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கிளிப்பைப் போடுமுன் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். பழைய கிளிப்பைத் திரும்பப் போட வேண்டாம்.

எல்லாம் பூட்டியதும், எஞ்சினை ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன் பிரஷர் கருவியை மறுபடி எடுத்தேன். இந்த முறை முள் 250-இலேயே நின்றது. மச்சினன் சாயா வாங்கி வந்து திரும்பப் பார்த்தபோதும் அங்கேதான் நின்றது.

கசிவு அடைபட்டாலும் பெட்ரோல் குறைவு என்ற ஆபத்து முழுதாகப் போய்விடவில்லை. காற்றோ பெட்ரோலோ மாறினால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளக்கும் ஜெட்டும் மாற வேண்டும்.  குல்மார்க் போனவர்கள் பனியில் ஓடும் ஸ்னோமொபைலைப் பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்னோமொபைல்களில் இருப்பதும் நம் ஆர்எக்ஸின் இனத்து டூ ஸ்ட்ரோக்தான். மைனஸ் 30 டிகிரியில் காற்று, இங்கத்திய 30 டிகிரிக் காற்றைவிடக் கால் பங்கு கூடுதல் கனம். அதற்கேற்பப் பெரிய ஜெட் போடாவிட்டால் அங்கே பிஸ்டன் போகும். நமக்கு அந்தக் குளிர் இல்லை, எத்தனால் இருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலவைக்கு 13.5-ஐ ஒட்டிப் போதும். அப்படியானால் அதே காற்றுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். 1985-இன் ஜெட் அதைக் கொடுக்காது. அதனால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டினேன்.

முதல் டாங்குக்கு ஆயில் பம்ப் ஓடும்போதே லிட்டருக்கு 20 மில்லி ஆயிலைப் பெட்ரோலிலும் கலந்தேன். பம்ப் வேலை செய்கிறதா என்பது உறுதியாகும்வரை அது ஒரு காப்பு. பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையால் கலக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பம்ப் சுற்றுக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஏற்ப ஆயிலை அளக்கும், கை அளக்காது. முதலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி. சில தடவை இப்படிச் செய்து ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் திரும்ப இறுக்கிய பிறகுதான் ரோட்டில் இறக்கினோம். ஒரே வேகத்தில் நீளமாக ஓட்டக் கூடாது. ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஆக்சிலேட்டரை மூடியபடி நீண்ட இறக்கத்தில் உருளவும் கூடாது. எஞ்சின் வேகமாகச் சுற்றும், ஆயில் மட்டும் சொட்டாகத்தான் வரும்.

புது எஞ்சின் படிந்த பிறகு ஒரு விடியற்காலையில் செங்கல் பக்கம் போகும் ரோட்டில் பிளக் பார்த்தோம். ஹைவேயில் இதைச் செய்யாதீர்கள், பின்னால் வரும் பஸ்ஸுக்கு நம் ஆராய்ச்சி புரியாது. முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் இழுத்து, கிளட்ச் பிடித்து, அதே நொடியில் இக்னிஷனை அணைத்து, உருட்டி நிறுத்தி, பிளக்கைக் கழற்றினோம். ஐடிலில் ஓடவிட்டு அணைத்தால் பிளக் ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும். பீங்கான் பழுப்பாக இருந்தது, ஓரம் கொஞ்சம் அடர்ந்து. ஜெட்டை அரை சைஸ் குறைக்கலாம் என்றான் மச்சினன். குறைத்தால் மேல் வேகத்தில் ஒரு துள்ளல் கூடும், உண்மைதான். வேண்டாம் என்று அந்த ஜெட்டையே விட்டுவிட்டு, பழைய கிளட்ச் கேபிளை மாற்ற நெய்யாற்றங்கரைக்குப் போனோம்.